'வேண்டாம்' என்று சொல்லப் பழக்குங்கள்

கையைத் தூக்கு என்றால் தூக்குகிறாள். சட்டையைக் கழற்று என்றால் கழற்றுகிறாள். வயது 19. "எங்க புள்ள சொன்ன பேச்சத் தட்டவே தட்டாது" என்கிறார் அம்மா, பெருமையாக. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலும் சிறப்புப் பள்ளியிலும் வருடக்கணக்கில் நாம் பழக்குவது இதைத்தான். தப்பான எண்ணத்தோடு நெருங்குகிறவனுக்கும் இதுவே வசதியாகிவிடுகிறது. அவன் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேன் ஓட்டுபவர், பராமரிப்பாளர். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பாதுகாப்பைக் குளியலறையிலேயே தொடங்கலாம். "இங்க துடைக்கட்டுமா?" என்று கேட்டு, அவள் தலையாட்டும்வரை காத்திருங்கள். பேச்சு வராதவர்களுக்குப் பட அட்டைகள் உதவும். உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைக்காமல் சரியான பெயரையே சொல்லிக்கொடுங்கள். வீட்டுச் செல்லப்பெயர் காவல் நிலையத்தில் யாருக்கும் புரியாது. ஒருநாள் அவள் உங்கள் கையையே தட்டிவிடக்கூடும். கோபப்படாதீர்கள், பாடம் பதிந்திருக்கிறது.

நன்றாகப் போய்வந்த பிள்ளை திடீரென வேனில் ஏற மறுத்தால், தூக்கத்தில் அலறினால், மறந்துபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பினால், 'அடம்' என்று ஒதுக்காமல் விசாரியுங்கள்.

"இவ சொல்றத யார் நம்புவாங்க?" என்ற தயக்கத்திலேயே பல குடும்பங்கள் புகார் கொடுப்பதில்லை. ஆனால் 2013 குற்றவியல் சட்டத் திருத்தம் இவர்களுக்கென்றே வழி செய்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாற்றுத்திறனாளி காவல் நிலையம் போக வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கோ, அவர் சொல்லும் இடத்துக்கோ போலீஸ் வந்து, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் வாக்குமூலம் வாங்கி, வீடியோவும் எடுக்க வேண்டும். பார்வையற்ற பெண் ஒருவரின் வழக்கில், மாற்றுத்திறனாளி என்பதற்காகவே ஒருவரின் சாட்சியத்தைப் பலவீனமாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது.

ஓர் இடைவெளி மட்டும் அடைபடவில்லை. 38 வயதுப் பெண், மனவளர்ச்சி ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தை அளவுக்கே. அவருடைய பாலியல் வன்கொடுமை வழக்கை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் நடத்தக் கேட்டார் அவருடைய தாய். போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிப்படியான வயதுதான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 18 தாண்டியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அரவணைப்பு கிடையாது. எனக்கு இது வேதனையாகவே இருக்கிறது. அதனாலேயே மேலே சொன்ன விதியைக் கேட்டு வாங்குவது இன்னும் முக்கியமாகிறது.

உதாரணமாக, ஒரு பெண் கன்னத்தில் இரண்டு விரல் வைத்தால் 'பயமா இருக்கு' என்று அர்த்தம் என்பது, அவளோடு தினமும் பழகிய சிறப்பாசிரியருக்குத்தான் தெரியும். அவரை வரவழைக்கச் சொல்லிப் புகார் கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.