பாஸ் மீனுக்கு நல்ல ஏரி எது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரிலிருந்து காரில் எளிதாகப் போய்வரும் தூரத்தில் பெரிய ஏரிகள் பல உள்ளன. ரே ஹப்பர்ட், லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ், லேக் ஃபோர்க் என்று நீளும் இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே குடிநீருக்காகவோ வெள்ளத்தடுப்புக்காகவோ அணைகட்டித் தேக்கியவை. மாநிலத்தில் இயற்கையாக உருவான பெரிய ஏரி என்று சொல்லப்படுவது கிழக்கு எல்லையில் உள்ள காடோ ஒன்றுதான். லார்ஜ்மவுத் பாஸ் என்னும் அகன்ற வாய் கொண்ட வேட்டை மீனைத் தேடி வார இறுதியில் தூண்டிலோடு கிளம்புவோர், எந்த ஏரிக்குப் போகலாம் என்பதைப் பெரும்பாலும் யாரோ பிடித்த ராட்சத மீனின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அது நம்பத்தக்க அளவுகோல் ஆகாது. ஒற்றைப் பெரிய மீன் எங்கும் தற்செயலாகச் சிக்கலாம். ஏரியின் தரத்தைச் சொல்பவை அதில் வாழும் மொத்த மீன்கூட்டத்தின் அளவும், அந்த ஏரிக்கு மனிதர்கள் வகுத்திருக்கும் விதிகளும்தான்.

மீன்கூட்டத்தை அளக்க உயிரியலாளர்களிடம் நல்ல வழி இருக்கிறது. படகின் முன்பக்கத்தில் நீட்டிய கம்பிகள் வழியாக நீரில் அளவான மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். கரையோரத்து மீன்கள் சில நொடிகள் மயங்கி மேலே வருகின்றன. அவற்றைக் கைவலையால் அள்ளி, நீளமும் எடையும் குறித்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுகிறார்கள். 20 சென்டிமீட்டரைத் தாண்டிய பாஸ்களில் நூற்றுக்கு எத்தனை 30 சென்டிமீட்டரையும் தாண்டியிருக்கின்றன என்று பிறகு கணக்கிடுகிறார்கள். விடை 40 முதல் 70 வரை இருந்தால் கூட்டம் சமநிலையில் இருக்கிறது என்று பொருள். அதற்கு வெகுவாகக் குறைந்தால், பெரும்பாலும் சின்ன மீன்கள் நெரிசலில் இரைக்குப் போட்டியிட்டு வளராமல் நிற்கின்றன. வெகுவாகக் கூடினால் குஞ்சுகள் பிழைத்து வரவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறை இத்தகைய ஆய்வறிக்கைகளை ஏரி வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. நூறு புகைப்படங்கள் சொல்லாததை அந்த அறிக்கையின் ஒரு பக்கம் சொல்லிவிடும்.

அறிக்கையோடு ஏரியின் உடலமைப்பையும் பார்க்க வேண்டும். ஆழமான ஏரியே நல்ல ஏரி என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் கோடையில் மேல்நீர் சூடாகி, அடிநீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடுகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் ஆழத்தின் பெரும்பகுதி பாஸ் வாழ முடியாத இடமாகிவிடும். நீர்த்தாவரங்களுக்கும் அளவு உண்டு. அவை இல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு ஒளிவிடம் கிடையாது; ஏரியையே மூடிவிட்டால் இரைமீன்கள் அதற்குள் பதுங்கிக்கொள்ள, பாஸ் வேட்டையாட முடியாமல் மெலிகிறது. புதிதாக நீர் நிரம்பிய தேக்கத்தில், மூழ்கிய மண்ணும் செடிகளும் தரும் சத்தால் முதல் சில ஆண்டுகள் மீன்வளம் பொங்கும், பிறகு தணியும்.

அந்தத் தணிவை விதிகளால் எதிர்கொள்ள முடியும் என்பதற்கு லேக் ஃபோர்க் சான்று. டல்லஸுக்குக் கிழக்கே உள்ள இந்தத் தேக்கம் 1980-இல் நிரம்பத் தொடங்கியது. நீர் ஏறும் முன்பே அங்கிருந்த பண்ணைக் குட்டைகளில், பெரிதாக வளரக்கூடிய ஃபுளோரிடா வகை பாஸ் குஞ்சுகளை விட்டார்கள். மரங்களைப் பெருமளவு வெட்டாமல் நீரில் நிற்கவிட்டார்கள். இந்த ஏரியின் விதிப்படி, 16 அங்குலத்தைத் தாண்டி 24 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள பாஸ் சிக்கினால் உடனே திரும்ப விட வேண்டும். 24 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஒருவர் ஒரு நாளில் ஒன்றுதான் எடுத்துச் செல்லலாம். சின்ன மீன்களை எடுக்க அனுமதி இருப்பதால் நெரிசல் குறைகிறது. நடுத்தர மீன்கள் முழு வளர்ச்சி காணும்வரை பிழைக்கின்றன. 1992-இல் பிடிபட்ட, எட்டு கிலோவைத் தாண்டிய மாநிலச் சாதனை பாஸ் இந்த ஏரியில் வளர்ந்ததுதான்.

நகரத்துக்கு அருகில் இருந்தால் தூண்டில்கள் மொய்க்குமே, ஏரி தாங்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த ஆய்வில், எளிதில் தூண்டிலைக் கவ்வும் பாஸ்களையும் கவ்வாதவற்றையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடு கூடியது. அதாவது கவ்வும் குணம் மரபுவழி வருகிறது. எளிதில் கவ்வும் ஆண்களே கூட்டை அதிக விழிப்போடு காப்பவை என்றும் பின்னர் தெரியவந்தது. வசந்தத்தில் ஆண் பாஸ் ஆழமற்ற இடத்தில் வாலால் தரையைத் துடைத்து வட்டக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுப் போனபின் ஆணே காவல் நிற்கிறது. அந்த ஆணைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடங்களில் புளூகில் என்னும் சிறுமீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே கூட்டம் மொய்ப்பதால் வரும் கேடு உண்மை. அதற்கு மருந்து, கூடு காக்கும் ஆணைத் தொடாமலிருப்பதும் கோடை வெப்பத்தில் பிடித்த மீனை நீருக்கு வெளியே அதிகநேரம் வைக்காமலிருப்பதும்தான். ஒதுக்குப்புற ஏரியிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதே கேடு நேரும்.

பெரிய மீன் கிடைக்கும் ஏரியை நல்ல ஏரி என்று சொல்லிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் கியோட்டோவை அடுத்த பிவா ஏரியில் 2009-இல் பத்து கிலோ எடையுள்ள பாஸ் பிடிபட்டு, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932-இல் பதிவான உலகச் சாதனையைச் சமன் செய்தது. ஆனால் பாஸ் அங்கே அயல் மீன். ஏரிக்கே உரிய சிறுமீன்களை அது தின்று அழிப்பதால், பிடித்த பாஸைத் திரும்ப விடுவதை அந்த ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணம் 2003 முதல் தடை செய்திருக்கிறது. டெக்சாஸில் கடமையாக இருப்பதற்கு அங்கே தடை. மீனின் எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

டல்லஸிலும் மற்ற அமெரிக்க நகரங்களிலும் வாழும் தமிழர்கள் பலர் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். மீன்பிடி உரிமம் எடுப்பதோடு நிறுத்திவிடாமல், போகவிருக்கும் ஏரியின் ஆய்வறிக்கையையும் நீள வரம்பையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மீனை அளக்க ஒரு நாடாவையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விட வேண்டிய மீனை விடுகிறவர்கள் இருக்கும் வரைதான் நகரத்துக்கு அருகில் நல்ல ஏரி இருக்கும்.