அடியும் பரிசும் கற்பிப்பது என்ன?

மாலை நேரம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் மகன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறான். தந்தையின் கை ஓங்குகிறது. "அடிக்காதீர்கள்! முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள், படிப்பான்" என்கிறார் தாய்.

அன்பு வாசகர்களே! நம் இல்லங்களில் அன்றாடம் காணும் காட்சிதான் இது. அடி, பரிசு என்னும் இவ்விரு கருவிகளும் பிள்ளையின் உள்ளத்தில் உண்மையில் எதைக் கற்பிக்கின்றன என்று நாம் என்றேனும் சிந்தித்ததுண்டா?

இவ்வினாவை ஆராய்ந்தவர்கள் நடத்தையியல் உளவியலார். ஒரு செயலைத் தொடர்ந்து வரும் பலனே அச்செயலை வளர்க்கவோ குறைக்கவோ செய்கிறது என்பது அவர்களுடைய அடிப்படைக் கருத்து. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தின் பட்டுத்தறியே போதும்.

தறி என்னும் ஆசான்

உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருக்கு அருகில் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைச் செலுத்த உதவியாளர் ஒருவரும் வேண்டும். தொழில் பழகுபவர் முதல்நாளே சேலை நெய்வதில்லை. தார் சுற்றுகிறார், அறுந்த இழையை முடிச்சிடுகிறார், பின்னரே நாடாவைத் தொடுகிறார். தவறு செய்தால் அது அந்தக் கணமே துணியில் தெரிகிறது. சரியாகச் செய்தால் கரை நேராக வளர்வதும் கண்முன்னே தெரிகிறது.

சிறு சிறு படிகள். உடனுக்குடன் தெரியும் பலன். அமெரிக்க உளவியலார் பி.எஃப்.ஸ்கின்னர் வலியுறுத்தியதும் இதுதான். 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைக் காணச் சென்ற அவர், தம் விடை சரியா தவறா என்பதையே அறியாமல் பிள்ளைகள் அடுத்த கணக்கிற்குச் செல்வதைக் கண்டு வருந்தினார். ஒவ்வொரு விடைக்கும் உடனே முடிவு சொல்லும் கற்பிக்கும் கருவியொன்றை அடுத்த ஆண்டிலேயே செய்து காட்டினார்.

அச்சம் கற்பிக்கும் பாடம்

அடியைப் பற்றி இவ்வியல் கூறுவது என்ன? நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எலிகள், அழுத்தும்போது பாதத்தில் அடி விழுந்ததும் சற்று நேரம் தயங்கின. அடி நின்றதும் பழையபடி அழுத்தத் தொடங்கின. ஸ்கின்னர் தம் 1938-ஆம் ஆண்டு நூலில் எழுதிய செய்தி இது. அடி தற்காலிகமாகத் தடுக்கிறது. சரியான வழியைக் காட்டுவதில்லை.

அதனினும் கொடிய விளைவு வேறொன்று உண்டு. 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும், பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் ஓங்கி ஒலி எழுப்பினர். அதுவரை எலிக்கு அஞ்சாத குழந்தை, பிறகு எலியைக் கண்டாலே அழுதது, முயலுக்கும் அஞ்சியது. இன்று எந்த நெறிமுறையும் ஏற்காத சோதனை அது. ஆனால், புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அடி விழும் வீட்டில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? பிள்ளை கற்பது வாய்ப்பாட்டையன்று. புத்தகத்தின் மீதான அச்சத்தை!

காஞ்சியின் தறியிலும் இந்த இருண்ட பக்கம் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டுத் தறியில் அமர்த்தப்பட்ட சிறாரைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. சிறு விரல்கள் நெசவைக் கற்றன, உண்மைதான். ஆனால், அந்தக் கல்விக்கு விலையாகப் பறிபோனது எழுத்தறிவும் இளமையும் அல்லவா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுத்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடுத்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது.

அப்படியானால் பரிசு?

பரிசிலும் எச்சரிக்கை தேவை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், ஓவியம் வரைவதில் விருப்பமுள்ள சிறு குழந்தைகள் சிலருக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடமோ ஆர்வம் குன்றவில்லை. முன்கூட்டிப் பேசிய பரிசு, விளையாட்டைக் கூலி வேலையாக்கிவிட்டது!

ஆகவே, பெற்றோர்களே! பாடசாலைப் பாடமாயினும், மதரஸாவில் ஓதும் பாடமாயினும், அதைச் சிறு படிகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் மூன்று வரிகள் சரியாக வந்தால், "மூன்றும் சரி" என்று அப்போதே சொல்லுங்கள். பிழை வந்தால், அறுந்த இழையை நெசவாளர் நிதானமாக முடிச்சிடுவதுபோல் அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். இழை அறுந்ததற்காகத் தறியை உடைப்பவர் எவருமில்லை.