மூன்று இலையா? தொடாதீர்கள்!



கடந்த கோடை முகாமின் மூன்றாம் நாள், ஒரு தம்பி கால் முழுவதும் சிவந்த கொப்புளங்களோடு என்னிடம் வந்தான். அதற்குள் “தொற்றுமாம்” என்று கதை பரவி, அவனோடு ஒரே அறையில் படுத்தவர்கள் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சொறிவைவிட அதுதான் அவனை வருத்தியது.

அது தொற்றுநோய் அல்ல. முதல் நாள் பந்து தேடிப் பற்றைக்குள் போனபோது காலில் பட்ட பொய்சன் ஐவி.

எப்படி அடையாளம் காண்பது?

ஒன்ராறியோவில் காட்டோரங்களிலும் நடைபாதை ஓரங்களிலும் இது வளர்கிறது. ஒரு காம்பில் மூன்று இலைகள். நடு இலையின் காம்பு மட்டும் நீளமானது. இதிலுள்ள உருஷியோல் என்ற எண்ணெய்தான் ஒவ்வாமையைத் தருகிறது. இலை உதிர்ந்த தண்டிலும் வேரிலும்கூட அது உண்டு. மாமரமும் மரமுந்திரிகையும் இதே குடும்பம்தான். ஊரில் மாங்காய்ப் பால் பட்டு வாய் புண்ணான கதையை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டுவிட்டால்?

உடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். நகத்தின் அடியையும் மறக்க வேண்டாம். முதல் சில நிமிடங்கள் மிக முக்கியம். உடுப்பு, சப்பாத்து, கூட வந்த நாய் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் எண்ணெய் அவற்றில் நீண்ட நாள் இருக்கும். இந்தச் செடியை ஒருபோதும் எரிக்காதீர்கள். புகை நுரையீரலைத் தாக்கும்.

கொப்புளம் வந்தபின்?

குளிர்ந்த ஈரத்துணி, கலமைன், பார்மசியில் கிடைக்கும் 1% ஹைட்ரோகோட்டிசோன் கிறீம் ஆகியவை சொறிவைக் குறைக்கும். நகத்தால் சொறிந்தால் கிருமி தொற்றலாம். பெரும்பாலும் 2–3 வாரங்களில் மாறிவிடும்.

முகத்திலோ கண்ணருகிலோ மறைவிடத்திலோ வந்தால், உடலில் பெருமளவு பரவினால், காய்ச்சலோ சீழோ கண்டால் வைத்தியரிடம் போங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அவர் ஸ்டீரொயிட் குளிசை தந்தால், சுகமாகிவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள், திரும்பவும் கிளம்பும். மூச்சுத் திணறினால் உடனே 911.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கொப்புளத்து நீரால் இது யாருக்கும் பரவாது. எண்ணெயைக் கழுவியபின் அவரைத் தொடலாம், பக்கத்தில் படுக்கலாம்.

அன்று மாலை அந்தத் தம்பியிடம் கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க அவன் காலை என் மடியில் வைத்து மருந்து பூசினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மெத்தைகள் அறைக்குத் திரும்பிவிட்டன.