ஒரு பக்கம் இழுத்த கார்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பி, தன் மருமகனுக்கென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். பெட்டியின் மேல் அழகான ஓட்டப்பந்தயக் காரின் படம் இருந்தது. மகன் ஆவலோடு திறந்தான். உள்ளே காரைக் காணவில்லை. சிறிய பைகளில் திருகாணிகளும், பிளாஸ்ரிக் துண்டுகளும், பற்சில்லுகளும், நிறம் பூசாத ஒரு கூடும்தான் இருந்தன.

“இது விளையாட்டுச் சாமான் இல்லை, அக்கா. இதைப் பூட்டுறதுதான் விளையாட்டு” என்றான் தம்பி. இரண்டு கிழமையில் அவன் திரும்பிப் போய்விட்டான். பெட்டி எங்களிடம் இருந்தது.

என் மகனுக்கு அப்போது 14 வயது. தவணைப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கைத்தொலைபேசியோடு மூலையில் இருந்துவிடுவான். இந்தப் பெட்டியாவது அவனை அந்த மூலையிலிருந்து எழுப்பாதா என்ற ஆசையில்தான் நானும் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். தையல் மெசினைத் தவிர வேறு எந்த இயந்திரமும் அறியாதவள் நான்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

இந்தக் காரைச் செய்வது யப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம். இரண்டாம் உலகப் போரில், 1945 யூன் மாதம், குண்டுவீச்சில் எரிந்த நகரம் அது. அடுத்த ஆண்டே, 1946 இல், யோஷியோ தமியா என்பவர் அங்கே ஒரு மரம் அரியும் ஆலையாகத் தொடங்கியதுதான் இந்த நிறுவனம். பிறகு மரத்தில் மாதிரி உருக்களைச் செய்தார்கள். பின்னர் பிளாஸ்ரிக்கில் செய்தார்கள். 1976 இல் தங்கள் முதலாவது வானொலிக் கட்டுப்பாட்டுக் காரை விற்பனைக்கு விட்டார்கள். எங்களுக்கு வந்தது ரீரீ-02 என்ற அடிச்சட்டம். உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவுடையது. நான்கு சில்லுகளும் இழுக்கும்.

செய்முறைப் புத்தகம் முழுவதும் படம்தான். எந்தத் திருகாணியைப் போட வேண்டுமோ அதை உண்மையான அளவிலேயே வரைந்திருக்கிறார்கள். கையிலுள்ள திருகாணியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சரியா பிழையா என்று தெரிந்துவிடும். பாஷை தெரிய வேண்டியதில்லை.

இயங்கும் விதமும் விளங்காத ஒன்றல்ல. கையிலுள்ள றிமோட் வானொலி அலையாகக் கட்டளை அனுப்பும். காரிலுள்ள வாங்கி அதைப் பெறும். ‘சேவோ’ என்னும் சிறிய பெட்டி ஒரு கையை அசைத்து முன்சில்லுகளைத் திருப்பும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டருக்கு எவ்வளவு மின் போகவேண்டும் என்று தீர்மானிக்கும். பற்றரி 7.2 வோல்ற், 1.2 வோல்ற் கலங்கள் ஆறு சேர்ந்தது.

நான்கு சனிக்கிழமைகள் பூட்டினோம். பிளாஸ்ரிக்கில் திருகாணியை முறுக்கும்போது தலை பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இறுக்கினால் புரி தேய்ந்து, பிறகு எதுவும் பிடிக்காது. இரண்டு இடத்தில் இதைப் பட்டுத்தான் அறிந்தோம்.

முதல் ஓட்டம்

எங்கள் ஊரில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. அறுவடை இல்லாத காலத்தில் அது வெறுமையாகக் கிடக்கும். காரை அங்கே கொண்டுபோனோம். மகன் விசையை அழுத்தினான். கார் பத்தடி போவதற்குள் இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மதிலில் மோதியது. பார்த்துக்கொண்டிருந்த பெடியன்கள் சிரித்தார்கள்.

மகன் காரைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, “நான் தொட்டா எல்லாம் இப்பிடித்தான் அம்மா” என்றான்.

சகோதரிகளே, பிள்ளையின் வாயில் அந்த வசனம் வரும்போது தாய்க்கு எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? ஆனால் அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மறைப்பதும் திருத்துவதும்

றிமோட்டில் ஒரு சிறிய திருகி உண்டு. இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கார் நேராகப் போகும். அயல்வீட்டுப் பெடியன் ஒருவன் அதைக் காட்டித் தந்தான். திருப்பினோம். நேராகப் போனது. பிரச்சினை தீர்ந்ததென்று நினைத்தோம். வளைக்கும்போதுதான் தெரிந்தது. இடப்பக்கம் சின்ன வட்டமாக வளைந்த கார், வலப்பக்கம் பெரிய வட்டமாகத்தான் வளைந்தது.

அன்று இரவு தம்பியோடு தொலைபேசியில் கதைத்தோம். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “சேவோவில கையைப் பூட்டேக்க றிமோட்டையும் காரையும் போட்டு வைச்சிருந்தனீங்களோ?”

இல்லை. அதுதான் பிழை. முதலில் மின்னைக் கொடுத்து, திருகியை நடுவில் வைத்து, சேவோ தன் நடுநிலைக்கு வந்த பிறகுதான் கையை நேராகப் பூட்ட வேண்டும். கை பொருந்தும் அச்சில் நுண்ணிய பற்கள் உண்டு. ஒரு பல் தள்ளிப்போனாலும் காரின் போக்கு மாறிவிடும். நாங்கள் செய்தது பிழையைத் திருத்துவதல்ல, திருகியால் மறைப்பது. பற்களுக்கிடையே மிஞ்சும் மிகச் சிறிய வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் அந்தத் திருகி.

முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. மகன் முகத்தைச் சுழித்தான். “கழட்டுறதும் வேலைதான் ராசா. பிழையாய்த் தைச்ச சட்டையை அம்மா பிரிச்சுத்தானே திரும்பத் தைக்கிறன்” என்றேன். கழற்றி, நடுநிலை பார்த்து, திரும்பப் பூட்டினோம். அடுத்த சனிக்கிழமை கார் கோடு கீறினாற்போல நேராகப் போனது. இரு பக்கமும் ஒரேயளவு வட்டத்தில் வளைந்தது.

ஒரு நேரத்தில் ஒன்று

கார் ஓடத் தொடங்கியதும் மகனுக்கு ஆசை பிறந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நின்றான். அப்போதுதான், பல வருடங்களாக வீட்டில் கதைக்காத ஒரு கதையை அவனுக்குச் சொன்னேன்.

அவனுடைய அப்பா வன்னியில் மோட்டார் சயிக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். 1990 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் தொழில் பழகியவர். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. புகை கூடும், இழுவை குறையும். அவர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், ஓடிப் பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். “ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும். ரெண்டை மாத்தினா எதால சரி வந்தது எண்டு தெரியாது” என்று கடையில் வேலை பழகும் பெடியன்களுக்குச் சொல்வார். இடம்பெயர்ந்த நேரம் அந்தக் கொப்பிகள் போய்விட்டன. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் எங்களுக்கு இல்லை. மகன் அப்போது கைக்குழந்தை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு புதுக் கொப்பி எடுத்துவந்தான்.

இரண்டு பால்மாப் பேணிகளை இடைவெளி விட்டு வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போல ஓட்டினான். நான் நேரம் பார்த்தேன். பத்துச் சுற்றுக்கு 82 செக்கன். அதை முதல் வரியாக எழுதினான்.

முதலில் உயரம். தளத்தின் பொருத்துகளில் காரின் வயிறு தட்டியது. கம்பிச்சுருளின் மேல் போடும் வளையங்களைக் கூட்டி உயர்த்தினோம். தட்டுவது நின்றது.

இரண்டாவது முன்சில்லுகளின் கோணம். மேலிருந்து பார்க்கும்போது சில்லுகளின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருந்தால் கார் நேர்ப்பாதையில் உறுதியாகப் போகும். சற்று வெளிநோக்கி இருந்தால் வளைவில் சுறுக்காகத் திரும்பும். இணைப்புக் கோல்களை இரு பக்கமும் ஒரேயளவு சுற்றிச் சிறிது வெளிநோக்கி வைத்தோம்.

மூன்றாவது அச்சுகளைத் தாங்கும் பிளாஸ்ரிக் வளையங்கள். அவற்றை எடுத்துவிட்டு, தம்பி தந்த குண்டுப் போதிகைகளைப் போட்டோம். உள்விட்டம் 5 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 11 மில்லிமீற்றர். கையால் சுற்றிவிட்ட சில்லு முன்னரைவிட நெடுநேரம் சுற்றியது. பத்துச் சுற்று 71 செக்கனுக்கு இறங்கியது.

நான்காவதாக மகன் வேகம் கேட்டான். மோட்டரில் உள்ள சிறிய பற்சில்லுக்கு 22 பற்கள். அது சுற்றும் பெரிய பற்சில்லுக்கு 70. அதற்கப்பால் உள்ள பற்சில்லுகள் 2.6 மடங்கு குறைக்கும். அவனே பேனையை எடுத்து 70 ஐ 22 ஆல் வகுத்து 2.6 ஆல் பெருக்கினான். 8.27 வந்தது. அதாவது மோட்டர் எட்டுத் தரத்துக்குச் சற்றுக் கூடச் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். 25 பற்கள் உள்ளதைப் போட்டால் 7.28. கூடுதல் வேகம், குறைந்த இழுவை. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை விகிதக் கணக்கைத் தானே செய்து, பதிலை இரண்டு தரம் சரிபார்த்ததை நான் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணெடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

25 பல்லைப் போட்டோம். நேர்ப்பாதையில் பறந்தது. ஆனால் பேணிகளைச் சுற்ற 73 செக்கன் எடுத்தது. ஐந்து நிமிடத்தில் மோட்டர் தொட முடியாத அளவு சுட்டது. சின்ன இடத்தில் அடிக்கடி வளைந்து திரும்ப வேகமெடுப்பதற்கு இழுவைதான் தேவை. “22 தான் சரி” என்று எழுதி, கீழே கோடிட்டான்.

கவனிக்க வேண்டியவை

இப்படியான கார் உங்கள் வீட்டுக்கும் வந்தால் சிலவற்றை மனதில் வையுங்கள்.

• முதலில் றிமோட்டைப் போட்டு, பிறகு காரைப் போட வேண்டும். நிறுத்தும்போது முதலில் காரை, பிறகு றிமோட்டை. மாறிச் செய்தால் கட்டளை இல்லாமல் கார் ஓடிவிடக்கூடும்.

• பற்றரியை மின்னேற்றும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பாய், படுக்கை மீது வைக்கக்கூடாது. ஓடி முடிந்த சூட்டோடு மின்னேற்றக்கூடாது. லிதியம் வகைப் பற்றரிக்கு அதற்கென்றே உள்ள மின்னேற்றி வேண்டும். வீங்கிய பற்றரியைத் திரும்பப் பாவிக்கவே கூடாது, தீப்பற்றும்.

• பற்சில்லுப் பெட்டிக்குள் மண் போக விடாதீர்கள். ஓட்டி முடித்ததும் பழைய பல்துலக்கும் தூரிகையால் துடையுங்கள்.

• தெருவில் ஓட்ட வேண்டாம். வாகனம் ஓட்டுபவர் கண்ணுக்கு இவ்வளவு சிறிய கார் தெரியாது.

இது மலிவான பொழுதுபோக்கல்ல. தம்பி தராவிட்டால் நாங்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம். வாங்குங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் ஒரு பழைய சயிக்கிளோ, ஓடாத மின்விசிறியோ, நூல் அறுக்கும் தையல் மெசினோ இருக்கும். மின்சாரச் சாமான் என்றால் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்குறூ றைவரை மகன், மகள் என்று பார்க்காமல் பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். பிழைத்தால் ஏசாதீர்கள். எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் அயல்வீட்டுப் பெடியன் எங்கள் காரை வாங்கி ஓட்டினான். மதிலில் மோதிவிட்டது. அவன் பயந்துபோய் அப்படியே நின்றான். என் மகன் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பறவாயில்லையடா. எந்தப் பக்கம் இழுக்குது எண்டு முதல் பாப்பம்” என்றான்.

கொப்பி இப்போது பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. முதல் பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதவில்லை. அப்பாவின் பெயரை எழுதி, அதன் கீழே “ஒரு நேரத்தில் ஒன்று” என்று எழுதி வைத்திருக்கிறான்.