பழைய தழும்பும் புதிய மருத்துவமும்

மும்பையின் வைகாசி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கும் பிள்ளைகள் நம்மவர் குடும்பங்களிலும் இருக்கின்றனர். மனத்துயர் பொறுக்கவியலாத ஒரு காலத்தில் தம் உடலைத் தாமே புண்படுத்திக்கொண்டவர்கள் அவர்கள். துயர் தணிந்த பின்னரும் தழும்பு நின்றுவிடுகிறது. எங்கள் இல்லத்தில் தங்கிப் படிக்கும் தமக்கை மகளுக்கும் அவ்வாறே. 17 வயதினளான அவள், "பேர் மட்டும் போடாதீர்கள், மாமா" என்று இசைவு தந்ததனால் இதனை எழுதுகிறோம்.

ஊரிலிருந்து வந்து மொழி புரியாத பள்ளியில் சேர்ந்த நாட்களில் நேர்ந்தது அது. காரணங்கள் பல; அவற்றை விரித்தல் முறையன்று. 2 ஆண்டுகளாக அத்தகைய தொல்லை ஏதுமில்லை.

தழும்பைக் குறைக்க வேண்டுமென்ற விருப்பம் அவளிடமிருந்தே எழுந்தது. இதனை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நாளைக்கு வரன் பார்க்க வருவார்களே என்று பெரியோர் அவசரப்பட்டு இழுத்துச் செல்வது வேறு; புறநகர் ரயிலில் கைப்பிடியைப் பற்றும்போதெல்லாம் எதிரில் நிற்போர் பார்வை தன் கைமேல் விழுகிறதே என்று பிள்ளையே வருந்திக் கேட்பது வேறு.

முதலில் சென்ற ஓரிடத்தில், பலர் காதுபட "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அவளை வினவினார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்த தோல் மருத்துவரோ எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியர் உடனிருக்க அவளிடம் தனியே பேசினார். கடைசிக் காயம் எப்போது என்பதே அவர் கேட்ட முதற் கேள்வியாம். புதிய காயமின்றிப் பல திங்கள் கழிந்தாலன்றிச் சிகிச்சையைத் தொடங்க மருத்துவர் பெரும்பாலும் இசையார்.

தழும்பு அறவே மறையாது. மங்கும், மென்மையுறும், அவ்வளவே என்று அவர் ஒளிவின்றிக் கூறினார். புதிய சிவந்த தழும்பு ஓரிரண்டு ஆண்டுகளில் தானாகவே நிறம் தணியும். மேடிட்ட தழும்புக்கு சிலிக்கான் களிம்போ ஏடோ உதவும். ஏடாயின் நாள்தோறும் 12 மணி நேரமேனும் ஒட்டியிருக்க, இரண்டு மூன்று திங்கள் பொறுமை வேண்டும். மிகத் தடித்ததாயின், சில வார இடைவெளிகளில் தழும்பினுள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவர். பழைய, வெளுத்த, தட்டையான தழும்புக்குக் களிம்பால் பயன் குறைவு. அதற்கு லேசர் உண்டு. நுண்ணிய துளைகளை இட்டு, தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தூண்டுவது அதன் வேலை. ஆயினும் நம் போன்ற மாநிற, கருநிறத் தோலில் லேசருக்குப் பின் கருமை படரக்கூடும். ஆகவே சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, குறைந்த வலிமையில் தொடங்க வேண்டும். வெயிலில் செல்கையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத பூச்சும் வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'நிறம் தரும்' களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. நாள்பட்டால் தோல் மெலிந்துபோகும். எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் தரும்.

செலவையும் சொல்லியாக வேண்டும். இதனை அழகுச் சிகிச்சை எனக் கொண்டு காப்பீட்டில் பெரும்பாலும் பணம் தருவதில்லை. எத்தனை தடவை வரவேண்டும், தடவைக்கு எவ்வளவு என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வது எம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு நலம்.

இரண்டாம் தடவை, மரப்புக் களிம்பு பூசிக் காத்திருக்கையில் அவள் திடீரென்று பேச்சற்றுப்போனாள். பழைய நினைவுகள் எழுந்தன போலும். என் மனைவி அவள் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தாள். மருத்துவரும் அன்று வேண்டாமென அனுப்பிவிட்டார். ஆகவே மனநல ஆலோசகரிடம் செல்வதை நாங்கள் நிறுத்தவில்லை. மனத்திலுள்ளதை இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வராதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

மூன்று தடவை முடிந்திருக்கிறது. கோடுகளின் விளிம்பு கரைந்தாற்போல் இருக்கிறது. உற்றுப் பார்ப்போருக்கு இன்னும் தெரியும். நான்காவதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமென அவளே மருத்துவரிடம் சொல்லிவிட்டாள்.