"உனக்கு எந்த ஏஜென்சி?" – சமூகப்பணி மாணவரின் முதல் களப்பயிற்சி

சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் சேர்ந்து சில வாரம் ஆனதும் மாணவர்களுக்குள் ஒரே பேச்சுதான்: "உனக்கு எந்த ஏஜென்சி கிடைச்சுது?" தொண்டு நிறுவனம், அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், பஞ்சாலை, ஊராட்சி என மாணவர் பயிற்சிக்குப் போகிற இடம் எதுவானாலும் அவர்கள் வாயில் அது ஏஜென்சி. பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மிச்ச நாள் வகுப்பில். கல்லூரிக்குக் கல்லூரி மணிக்கணக்கு மாறும். ஆனால் இந்த 'ஃபீல்டு ஒர்க்'குக்கும் மதிப்பெண் உண்டு, கடைசியில் வைவா உண்டு, தேறாமல் பட்டம் இல்லை.

திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையிலிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர். பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சமூகப்பணித் துறை இருப்பதால், இந்தப் படிப்பு வேண்டும் என்கிற உடுமலைப் பிள்ளைகளுக்குப் பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போவது வழக்கம். களத்தைப் பொறுத்தவரை கதை தலைகீழ். நூற்பாலை, கோழிப்பண்ணை, காற்றாலை, தென்னந்தோப்பு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் குடியிருப்பு, புலிகள் காப்பகத்துக்குள் மலைக்கிராமங்கள் என அத்தனையும் ஒரே வட்டாரத்தில் கிடக்கின்றன. பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடசாலை கோவை மாநகரில் இல்லை என்றே சொல்லலாம்.

இந்தியாவில் சேவைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதைப் படிப்பாக்கியது 1936. அந்த ஆண்டு மும்பையில் சர் தோரப்ஜி டாடா பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பே நாக்பாடா பகுதியில் ஏழைத் தொழிலாளர் நடுவே வேலை செய்துகொண்டிருந்தவர். பிற்பாடு 'டிஸ்' என்று பெயர் வாங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். தமிழகத்தில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1947-இல், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியிருந்தார்கள். அங்கே மாணவரைக் கிராமத்தில் தங்கவைத்துப் படிக்கவைப்பது பாடத்திட்டத்தின் பகுதியாகவே வளர்ந்தது.

கொங்கு நாட்டில் இந்தப் படிப்புக்குக் கிராக்கி வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது. மில் நிறைந்த ஊரில் இந்த ஒரு பிரிவு பல வீடுகளில் விளக்கேற்றியது. இன்றைக்கும் இரண்டாம் ஆண்டில் 'எச்.ஆர்.' பிரிவை எடுக்கப் போட்டி அதிகம். "நான் எச்.ஆர். எடுக்கப்போறேன், எனக்கு எதுக்கு சார் கிராமம்?" என்று முதல் ஆண்டிலேயே கேட்கிற மாணவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவருக்குத்தான் கிராமம் அதிகம் தேவை என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

முதல் சில வாரங்கள் வெறும் பார்வையிடல். மாணவர்களைக் கூட்டாக அழைத்துப்போய் இல்லம், மருத்துவமனை, சிறப்புப் பள்ளி என்று காட்டுவார்கள். அதன்பிறகு ஒருவராகவோ இருவராகவோ ஓர் ஏஜென்சியில் விடுவார்கள். அங்கே ஒருவர் கையெழுத்துப் போடுவார். கல்லூரியில் ஓர் ஆசிரியர் சூப்பர்வைசர். போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து அதைப் பேச வேண்டும், இதற்கு ஐ.சி. (இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்று பெயர். நடுவில் கிராமத்தில் தங்கும் ரூரல் கேம்ப். படிப்பின் முடிவில் ஒரு மாதம்போலத் தொடர்ந்து ஒரே இடத்தில் பிளாக் பிளேஸ்மென்ட்.

இதில் உயிர்நாடி ரிப்போர்ட். முதல் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்: "இன்று ஏஜென்சிக்குச் சென்றோம். அனைவரும் அன்புடன் வரவேற்றனர். மக்கள் தங்கள் பிரச்சினைகளைக் கூறினர். பயனுள்ள நாளாக அமைந்தது." நல்ல சூப்பர்வைசர் கையில் இது சிவப்பு மையில் குளித்துவிட்டுத் திரும்பும். அனைவரும் என்றால் யார் யார்? எந்தப் பிரச்சினை? யார் சொன்னது? சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? நீ என்ன கேட்டாய்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் பழகிய மாணவர், பாதி ஆண்டு போவதற்குள் வேறு ஆளாகிவிடுவார். "கணவரைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா பதில் சொல்லவில்லை. மாமியார் சொன்னார். மாமியார் மாட்டைக் கட்டப் போனதும் அந்த அம்மாவே பேச ஆரம்பித்தார்" என்று எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கிராம ஏஜென்சிக்குப் போகிறவர் முதலில் செய்வது, பி.ஆர்.ஏ. எனப்படும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறையில் ஓர் ஊர் வரைபடம். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரால் உலகெங்கும் பரவிய முறை இது. மாணவர் வரையக்கூடாது, ஊர்க்காரர்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து மண்தரையில் ஊரை வரையச் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயிலில் தொடங்கும். மேல்நிலைத் தொட்டி, பால் சொசைட்டி, ரேஷன் கடை, பெரிய வீடுகள் என்று சுறுசுறுப்பாக நீளும். ஒரு சாக்கடையோ வாய்க்காலோ வந்ததும் கை நின்றுவிடும். "அவ்வளவுதானுங்க ஊரு." அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றனவே என்று கேட்டால், "அது வளவுங்க, அதையும் போடணுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தலித் குடியிருப்பைத்தான் வளவு என்கிறார்கள். வகுப்பில் பாடமாகக் கேட்ட சாதி, கோலப்பொடி நின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

மாணவரையும் அது சும்மா விடாது. கொங்குக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்ததும் எந்த ஊர், எந்தத் தோட்டம், குலதெய்வக் கோயில் எங்கே என்று விசாரணை நடக்கும். எல்லாம் சுற்றி வளைத்து ஒரே கேள்விதான். அதற்கு என்ன பதில் சொல்வது, சொன்ன பிறகு கிடைக்கிற தண்ணீர்ச் சொம்பு எப்படி மாறுகிறது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறித் திருமணம் செய்ததற்காக சங்கர் என்ற பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா காயங்களோடு உயிர் தப்பினார். இந்த வட்டாரத்தில் சமூகப்பணி கற்கிறவர் அதைத் தாண்டிக்கொண்டு 'சமூக மேம்பாடு' பேச முடியாது.

மலைக்குப் போனால் பாடம் வேறு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலைப் பகுதியில் தளிஞ்சி, மாவடப்பு, குழிப்பட்டி, குருமலை, கோடந்தூர், ஈசல்தட்டு என முதுவர், புலையர் உள்ளிட்டோர் வாழும் குடியிருப்புகள் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் ஏறிப்போக முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். நோயாளியையும் கர்ப்பிணியையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகள் இங்கிருந்து பலமுறை வந்திருக்கின்றன. இங்கே மாணவர் கற்கும் முதல் அதிர்ச்சி காகிதத்தில் இருக்கிறது. முதுவர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அதே மலையில், அதே பாதையில் ஏறி இறங்கும் புலையர் பட்டியல் சாதியினர் பட்டியலில் இருக்கிறார்கள். தங்களையும் பழங்குடியினராகச் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். சாதிச் சான்றிதழில் உள்ள ஒரு வரியால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாறிப்போகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை நூலகத்தில் படித்தவருக்கும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கிராமசபையில் உட்கார்ந்தவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆலைக்குள் பயிற்சி என்றால் நுழைவதே எச்.ஆர். அறை வழியாக. அது ஒரு சங்கடம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன 'சுமங்கலித் திட்டம்' உலகறிந்த விவகாரம். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டு ஆடை நிறுவனங்களே கேள்வி கேட்கத் தொடங்கின. இன்று அதே விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களைப் பார்க்கலாம். வார்டன் பக்கத்தில் நிற்க, மொழியும் தெரியாமல், அந்தப் பெண்ணிடம் மாணவர் எதைக் கேட்டு எதை அறிவது? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் பெயர்ப்பலகை எங்கே மாட்டியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது, அதில் உள்ள தொலைபேசி எண் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதினாலே அது உருப்படியான ஒரு நாள். கிராமத்தில் மாமியார் நகர்ந்ததும் பேச்சு மாறுவதைப் பார்த்தவருக்கு, வார்டன் நகரும் நேரத்துக்குக் காத்திருக்கத் தெரியும். வருங்கால எச்.ஆருக்குக் கிராமம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

எல்லா ஏஜென்சியிலும் மாணவரைத் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்குப் பென்ஷன் வாங்கிக் குடுப்பியா அம்மிணி?" 2023-இல் தமிழக அரசு முதியோர், ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமானால் இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று படி ஏற வேண்டும். "வாங்கித் தர்றேன் ஆத்தா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் முதல் அந்த வீதி வழியாகப் போக முடியாது. "கூட வர்றேன், கிடைக்குமான்னு அவங்கதான் சொல்லணும்" என்று சொல்லிப் பழகுவதே பயிற்சி. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், கணவரின் இறப்புச் சான்றிதழே இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, அரசுத் திட்டம் எந்தப் படியில் வழுக்குகிறது என்பது புரியும்.

குழந்தைகளோடு வேலை என்றால் விதிகள் இன்னும் கறார். இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது பலருக்கு விளையாட்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு அத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று ஒரு சிறுமி பாலியல் தொல்லையைச் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே தீர வேண்டும். வழிகாட்ட ஆளில்லாமல் 21 வயது மாணவர் ஒருவரை இந்த இடத்தில் நிறுத்துவது அநியாயம். மாணவருக்கும், அதைவிட அந்தக் குழந்தைக்கும்.

களப்பணியிலிருந்து பெரிய காரியம் பிறந்ததும் உண்டு. குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற சைல்டுலைன் எண் இன்று ஊரறிந்தது. 1996-இல் மும்பையில் டிஸ் ஆசிரியை ஜெரூ பில்லிமோரியா, அந்த நிறுவனத்தின் களத்திட்டமாகத் தொடங்கியது அது. நாடு முழுக்கப் பரவி, 2023-இல் அரசே நேரடியாக நடத்தும் சேவையானது.

இத்தனை இருந்தும் அமைப்பில் ஓட்டை நிறைய. வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோலச் சமூகப்பணியாளர் அனைவருக்கும் சட்டப்பூர்வ கவுன்சில் இந்தியாவில் இன்னும் இல்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டமொன்று மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளரை மட்டும் ஓர் ஆணையத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆகவே களப்பணியின் தரம் அந்தந்தத் துறைத் தலைவரின் மனச்சாட்சியைப் பொறுத்து நிற்கிறது. சில ஏஜென்சிகளில் மாணவர் என்றால் இலவச டைப்பிஸ்ட். விழாவில் நாற்காலி போட ஆள். சில மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வீட்டிலிருந்தே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வாங்குகிற கலை வகுப்புக்கு வகுப்பு கைமாறி வருகிறது. பேருந்துச் செலவு பெரும்பாலும் மாணவர் பாடு. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் பெண்களுக்கு அந்தப் பாரம் கொஞ்சம் குறைந்தது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கல்லூரியில் கேட்க வேண்டியவை சில. ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்? ரிப்போர்ட்டை வாராவாரம் படிக்கிறார்களா, செமஸ்டர் முடிவில் மொத்தமாகக் கையெழுத்திடுகிறார்களா? களத்தில் மாணவிக்குத் தொல்லை என்றால் யாரை அழைப்பது? உடுமலை வட்டாரத்து ஊராட்சித் தலைவர்களும் ஆலை நிர்வாகிகளும் தொண்டு நிறுவனத்தாரும், பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் கம்ப்யூட்டரைக் காட்டுவதற்கு முன் ஊரைக் காட்டுங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்து.