படகுக்குள்ளே ஒரு மின்னேற்றி

1838-இல் யாக்கோபி என்பவர் ருஷ்யாவின் நேவா ஆற்றில் பாட்டரியால் படகோட்டினார். அந்தக் கலங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் மின்னேற்றக்கூடிய காரீய-அமில சேமக்கலத்தைப் பிளாண்டே 1859-இல்தான் செய்தார்.

இன்று படகிலேயே மின்னேற்றியைப் பொருத்திவிடலாம். எத்தனை ஆம்பியர் வேண்டும்? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 10 ஆம்பியர். பாதி தீர்ந்திருந்தால் 5 மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நிரம்பாது, கடைசிப் பகுதியைப் பாட்டரி மெதுவாகத்தான் ஏற்கும்.

12 வோல்ட் பாட்டரியைச் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவுக்குத் தானே இறங்கும் மின்னேற்றியாகப் பாருங்கள். இறங்காவிட்டால் கரைசலிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டே இருக்கும். ஹைட்ரஜன் லேசானது, மேல்தளத்தின் அடியில் போய்த் தேங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும். ஆகவே பாட்டரிப் பெட்டியின் உச்சியில் காற்றுத்துளை வேண்டும். மின்னேற்றியைப் பாட்டரிக்கு நேர் மேலே பொருத்தவே கூடாது.

நேர்முனைக் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே, ஃப்யூஸ் வையுங்கள். மின்னேற்றியின் பக்கம் வைத்தால் என்ன? நடுவில் கம்பி உரசிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், பாட்டரியிலிருந்து பாயும் பெரு மின்னோட்டம் ஃப்யூஸ் வழியே போகாது, கம்பி பழுத்துவிடும்! கடற்படகு என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே நல்லது. வெறும் செம்பு உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.